இராட்டினம் நின்றது யாரால்?

நகரம் வளர்ந்தால் பூங்கா தேயும் என்பது இன்று ஓர் இயற்கை விதிபோலப் பேசப்படுகிறது. மழை பெய்தால் ஏரி நிரம்புவதைப் போல, மக்கள் பெருகினால் விளையாட்டுத் திடல் கட்டடமாகும். பொருட்காட்சி நடந்த வெளி பேருந்து நிலையமாகும். குடை இராட்டினம் சுழன்ற இடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். இதற்கு எவரும் பொறுப்பில்லை, காலமே பொறுப்பு என்று பெருமூச்செறிந்து நாம் அமைதி கொள்கிறோம். அந்தப் பெருமூச்சை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். காலம் எந்தப் பூங்காவையும் விழுங்கியதில்லை. ஆணைகள் விழுங்கியுள்ளன. அவ்வாணைகளில் கையொப்பம் உண்டு, நாள் உண்டு, முத்திரை உண்டு. எனவே பொறுப்பும் உண்டு.

சிவாஜிநகரின் முற்றங்கள்

சிவாஜிநகரை அறியாத பெங்களூர்த் தமிழர் இரார். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தபோது, அதற்குச் சுமை தூக்கவும், சமைக்கவும், கல் உடைக்கவும், கணக்கெழுதவும் வந்து சேர்ந்த நம் முன்னோர் குடியேறிய பகுதிகளுள் இதுவும் ஒன்று. பிளாக்பள்ளி என்பது இதன் பழம்பெயர். 1882 செப்டம்பர் 8-ஆம் நாள் திறக்கப்பெற்ற புனித மரியன்னை திருத்தலமும், 1927-இல் எழுந்த ரஸ்ஸல் சந்தையும் இதன் இரு கண்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருவண்ணாமலை, தருமபுரி எனச் சோலையார்பேட்டை வழியே வந்திறங்கிய குடும்பங்கள் எத்தனையோ இங்கு முதல் வாடகை கொடுத்து முதல் அடுப்பு மூட்டின. தமிழும் உருதும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்த ஊர் இது.

அந்த வீடுகளை நாம் மறந்துவிடலாகாது. ஓர் அறை, அதில் ஒரு மூலை சமையலுக்கு, மறுமூலை தையற்பொறிக்கு. ஐந்து பேர் படுத்தால் ஆறாமவர் வாசற்படியில் உறங்குவார். இத்தகைய வீட்டில் பிறந்த குழந்தைக்கு முற்றம் எது? தெருவென்றால், அத்தெருவில் பழைய வண்டிகளின் உதிரிப் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. எஞ்சிய இடத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றன. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தோட்டம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இப்பிள்ளைக்கு நகரமே தோட்டம் தரவேண்டும். பொதுப் பூங்கா, பொருட்காட்சித் திடல், சிறுவர் இரயில் இவையெல்லாம் நெருக்கக் குடியிருப்பின் கூட்டு முற்றங்கள். அவற்றை ஆடம்பரம் என்று அழைப்பவர், ஓரறை வீட்டில் ஒரு கோடை விடுமுறையைக் கழித்துப் பார்த்த பின்னர் அச்சொல்லைப் பயன்படுத்தட்டும்.

சிவாஜிநகரைச் சுற்றித் திறந்த வெளிகளுக்குப் பஞ்சமில்லை என்று வரைபடத்தைப் பார்ப்பவர் வியப்பார். ஒருபுறம் 1870-இல் உருவான கப்பன் பூங்கா. அதனுள்ளே சிறுவர் இரயிலைக் கண்ட ஜவகர் பால பவனம். மற்றொருபுறம் 472 ஏக்கர் பரப்புள்ள அரண்மனை மைதானம், அதன் ஜே.சி.நகர்ப் பக்கத்தில் கட்டணம் பெற்று நடக்கும் ஃபன் வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா. கிழக்கே அல்சூர் ஏரி. வடக்கே கோல்ஸ் பூங்கா. தெற்கே படைத்துறையின் அணிவகுப்புத் திடல். வரைபடத்தில் இவை பச்சையாகத் தெரியும். ஆனால் ஏழைக் குழந்தையின் காலுக்கு இவற்றுள் எத்தனை எட்டும்? அணிவகுப்புத் திடல் படையினருடையது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரண்மனை மைதானத்தைக் கையகப்படுத்த 1996-இல் மாநில அரசு சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதற்கிடையில் அவ்வெளியில் திருமண அரங்குகளின் விளக்குகள் ஒளிர்ந்தன. பெருஞ்சாலைகளை அகலப்படுத்த அங்கிருந்து 16 ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் தேவைப்பட்டபோது, அதற்கு ஈடான வளர்ச்சி உரிமையின் மதிப்பு மூவாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று 2024-இல் நாடு கேட்டு மலைத்தது.

அந்த எண்ணைச் சற்று நின்று நோக்குவோம். வண்டி செல்ல வேண்டிய நிலத்திற்கு விலை உண்டு. அது கோடிகளில் எழுதப்படும். குழந்தை ஓட வேண்டிய நிலத்திற்கு விலை எழுத எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை. பத்தியில்லாத பொருள் கணக்கில் சுழியாகும். சுழியான பொருளை எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

சென்னை தரும் பாடம்

பெங்களூரிலிருந்து சென்னைக்கு இரயிலேறும் நம்மவர் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் கண்ணிற்படுபவை எவை? புறநகர் இரயில் நிலையம், ரிப்பன் மாளிகை, விக்டோரியா மண்டபம், மெட்ரோ நிலையம், சற்றுத் தள்ளி நேரு விளையாட்டரங்கம். இவையனைத்தையும் பார்த்தவர் ஆயிரம் பேரிருப்பர். இவற்றிற் பலவும் ஒரே பூங்காவின் உடலின்மீது எழுந்தவை என்பதை அறிந்தவர் பத்துப் பேரும் இரார்.

1859-ஆம் ஆண்டில் ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன், சென்னை மக்களுக்கென்று 116 ஏக்கரில் ஒரு பூங்காவை அமைத்தார். மக்கள் பூங்கா என்பதே அதன் பெயர். குளங்கள், வண்டிப் பாதைகள், இசை மேடை, விளையாட்டுத் திடல் எல்லாம் அதில் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்பர் தொடங்கிய விலங்குக் கூடம் 1860-களில் இங்கு மாற்றப்பட்டது. கிராமத்திலிருந்து வந்தவர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், இந்த விலங்குக் காட்சிச்சாலையை உயிர்க் காலேஜ் என்றும் அழைத்தனர். எள்ளல் கலந்த அந்த ஈரடுக்குப் பெயரில் எத்துணை அன்பு! எழுத்தறியாத மக்கள் தாமும் ஒரு கல்லூரிக்குச் சென்று வந்ததாகச் சொல்லிக்கொண்ட பெயர் அது. பெரியமேட்டுத் தோல் கிடங்குகளிலும், சூளையிலும், புளியந்தோப்பிலும், இரயில் சரக்குக் கொட்டகைகளிலும் உழைத்த குடும்பங்களுக்கு, சிங்கத்தின் கர்ச்சனையைக் கேட்க நடந்தே செல்லும் தூரத்தில் ஓர் இடம் இருந்தது. ஆண்டுதோறும் பூங்காத் திருவிழா நடந்தது. கடைகளும் வேடிக்கைகளும் நிறைந்தன.

அப்பூங்காவுக்கு என்ன நேர்ந்தது? படை வந்து அழிக்கவில்லை. வெள்ளம் வந்து அடித்துச் செல்லவில்லை. 1880-களில் அதன் ஓரத்தில் நகரமன்றம் ஒன்று வேண்டுமென்றனர். விக்டோரியா மண்டபம் எழுந்தது. தெருவோர வணிகரை ஒழுங்குபடுத்த ஒரு சந்தை வேண்டுமென்றனர்; 1900-இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. மாநகராட்சிக்கு மாளிகை வேண்டுமென்றனர். 1913-இல் ரிப்பன் மாளிகை நிமிர்ந்தது. பின்னர் விளையாட்டரங்கம் வேண்டுமென்றனர். 1993-இல் அது இன்றைய பேருருவம் பெற்றது. இறுதியில் மெட்ரோ இரயில் வேண்டுமென்றனர். இவற்றுள் எது தீமை? ஒன்றும் தீமையில்லை. மண்டபம் நன்று, சந்தை நன்று, மாநகராட்சி நன்று, விளையாட்டு நன்று, இரயில் மிக நன்று. நன்மைகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. அவை அமர்ந்த இருக்கை மட்டும் மறைந்தது.

1985-ஆம் ஆண்டு இக்கதையின் முடிவுரை எழுதப்பட்ட ஆண்டு. அவ்வாண்டு மே 30-ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. பழைய நூலும், பறவைக் கூண்டும், இசைத்தட்டும், பொம்மையும் விற்ற அங்காடி சாம்பலாகியது. அவ்விடத்தில் இரயில்வேயின் கட்டடம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. உயிர்க் காலேஜ் ஊரைவிட்டு வெளியேறியது. விலங்குகளுக்கு அது விடுதலை. குறுகிய கூண்டுகளில் அடைபட்டவற்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் காடு கிடைத்தது. அதை மறுப்பவர் இரக்கமற்றவர். ஆனால் சிங்கம் வெளியேறிய இடத்தில் சூளைச் சிறுவனுக்கு என்ன வைத்தோம்? புலிக்குக் காட்டைக் கொடுத்த அரசு, பையனுக்குப் பேருந்துச் சீட்டையாவது கொடுத்ததா? விலங்கின் நலத்தையும் குழந்தையின் நலத்தையும் எதிரெதிரே நிறுத்த வேண்டிய கட்டாயம் எதுவும் இருந்ததில்லை. விலங்குக் கூடம் அகன்ற நிலத்தில் விளையாட்டுக் கூடம் வந்திருக்கலாம். எஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்னும் ஒரு துண்டு.

இரண்டு சொற்கள்

நான் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணி செய்பவன். கோப்புகளின் மொழியோடு அன்றாடம் பழகுபவன். அம்மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ‘பொது நோக்கம்’, மற்றொன்று ‘தற்காலிகமாக’. எந்தத் திறந்த வெளியும் இவ்விரு சொற்களுக்கு முன் நிலைத்ததில்லை.

பொது நோக்கம் என்று எழுதிவிட்டால், ஏற்கெனவே அந்நிலம் பொது நோக்கத்துக்குத்தான் பயன்பட்டு வந்தது என்ற கேள்வி எழுவதில்லை. பூங்காவில் குழந்தை விளையாடுவது எவருடைய நோக்கமுமன்று போலும்! தற்காலிகமாக என்று எழுதிவிட்டால், எந்நாள் வரை என்று கேட்பவர் இலர். கல்லும் மணலும் தற்காலிகமாக இறங்கும். தகரக் கொட்டகை தற்காலிகமாக எழும். காவலருக்கு ஒரு குடில் தற்காலிகமாக அமையும். பத்தாண்டு சென்றபின், இவ்விடம் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருந்து வருகிறது என்று அதே கோப்பில் மற்றொரு குறிப்பு எழுதப்படும். முதற்குறிப்பு எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். அத்திடலில் பந்து விளையாடிய பிள்ளைக்கு மீசை முளைத்திருக்கும். பூங்காவின் இழப்பில் ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவம் கழிந்துவிடும் என்பதே இதன் கொடுமை. சாலை இன்றில்லாவிட்டால் நாளை வரும். பத்து வயது நாளை வாராது.

இதற்குச் சான்று தேடிச் சென்னைக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் சிவாஜிநகரின் அருகே, தண்டு இரயில் நிலையத்தை ஒட்டி அமைவதாக இருந்த மெட்ரோ நிலையத்தை, பேம்பூ பஜார் விளையாட்டுத் திடலுக்கு மாற்றும் முடிவு 2017-இல் பெரும் விவாதமாயிற்று. எதிர்த்தவர்கள் பெரிதும் எடுத்துரைத்தது பயணிகள் கூடுதலாக நடக்க வேண்டிய தூரத்தை. அது நியாயமான வாதமே. ஆயினும், பயணி நடக்கும் தூரம் அளக்கப்பட்டது போலக் குழந்தை இழக்கும் திடல் அளக்கப்படவில்லை. வயது வந்தவரின் பத்து நிமிடம் செய்தியாகிறது. சிறுவரின் பத்தாண்டு செய்தியாவதில்லை. மெட்ரோவை நான் எதிர்ப்பவனல்லன்; அலுவலகம் செல்ல நாள்தோறும் பேருந்தில் நசுங்குகிற எவனும் எதிர்க்க மாட்டான். பூமிக்கடியில் இரயில் ஓடட்டும். பூமியின் மேற்பரப்பைக் குழந்தைக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதே என் வழக்கு.

பிற நாடுகள் செய்ததும் தவறியதும்

இலண்டனில் வாக்ஸ்ஹால் கேளிக்கைத் தோட்டம் இருநூறாண்டு புகழுடன் விளங்கிற்று. அது மூடப்பட்டது 1859-இல். சென்னையில் மக்கள் பூங்கா பிறந்த அதே ஆண்டு. நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு வீடுகள் நெருங்கின. நூறாண்டுக்கும் மேல் கழிந்தபின், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவ்வீடுகளை அகற்றிவிட்டு அங்கு மீண்டும் பொதுப் பூங்காவை அமைத்தனர். விற்றதைத் திரும்ப வாங்க ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அமெரிக்காவில் நியூயார்க்கின் கோனி தீவு, உழைப்பாளிகளின் கடற்கரை. அங்கு 1897-இல் தோன்றிய ஸ்டீபிள்சேஸ் பூங்கா 1964-இல் மூடப்பட்டது. மறுஆண்டு அதை வாங்கிய கட்டட முதலாளி ஃபிரெட் டிரம்ப், 1966-இல் இடித்துத் தள்ளினார். அடுக்குமாடி கட்ட நினைத்தார்; நகர நிர்வாகம் இசையவில்லை. இராட்டினமும் போயிற்று, வீடும் வரவில்லை. நிலம் நெடுங்காலம் பாழாகக் கிடந்தது. 2001-இல்தான் அங்கு ஒரு விளையாட்டரங்கம் எழுந்தது. நிலம் விலை உயர்ந்தது, ஆகவே பூங்கா போயிற்று என்பாருக்கு இது தக்க மறுமொழி. பூங்காவை அழிப்பது எளிது. அதனிடத்தில் பயனுள்ளதொன்றை எழுப்புவது உறுதியில்லை.

கோபன்ஹேகன் நகரத்து டிவோலியோ 1843-இல் திறக்கப்பட்டது. அன்று அது கோட்டைச் சுவரின் புறத்தே இருந்தது. நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. தலைமை இரயில் நிலையம் அதன் பக்கத்திலேயே வந்தது. எனினும் டிவோலி இருந்த இடத்தில் இருக்கிறது. இன்றும் இராட்டினங்கள் சுழல்கின்றன. வியன்னாவின் பிராட்டர் அரசரின் வேட்டைக்காடாக இருந்து, 1766-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1897-இல் எழுந்த அதன் பெரும் இராட்டினம் இன்றும் அந்நகரின் அடையாளம். அந்நகரங்களிலும் நிலத்துக்கு விலையுண்டு. அங்கும் இரயில் ஓடுகிறது. வளர்ச்சியும் விளையாட்டும் ஒருசேர வாழ இயலாது என்பது உண்மையானால், கோபன்ஹேகன் இந்நேரம் வளராத சிற்றூராக இருந்திருக்க வேண்டும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரங்கள் செறிந்த வெளியில் நாளங்காடி இருந்தது. கடலோடிகளும் கைவினைஞரும் வாழ்ந்த பாக்கமும், அரசரும் பெருவணிகரும் வாழ்ந்த பாக்கமும் சந்திக்கும் இடம் அது. இந்திரவிழாவின்போது ஊரே அங்கும் கடற்கரையிலும் கூடியது. இரு பாக்கங்களையும் பிரிக்கச் சுவர் எழுப்பாமல், கூடுவதற்கு வெளி விட்ட நகர அறிவு தமிழருக்குப் புதியதன்று.

எதிர்வாதங்கள்

இனி எதிர்த்துரைப்போரின் வாதங்களைப் பார்ப்போம்.

முதலாவது: பழைய பூங்கா போனாலென்ன, ஊருக்கு வெளியே பெரிய பூங்காக்கள் வந்துவிட்டனவே என்பர். உண்மைதான். மைசூர்ச் சாலையில் பிடதியருகே 2005-இல் தொடங்கிய வொண்டர்லா சிறந்த பூங்கா, தூய்மையாக நடத்துகிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிவாஜிநகரிலிருந்து அது 30 கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் உள்ளது. பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ரஸ்ஸல் சந்தையில் மூட்டை சுமப்பவர் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் சென்று வந்தால் பல நாட்கூலி கரையும்; அன்றைய கூலியும் போகும். தனியார் பூங்கா பணம் கொடுப்பவரை மகிழ்விக்கப் பிறந்தது. அதனிடம் தருமம் கேட்பது முறையாகாது. தருமம் செய்ய வேண்டியது அரசு. தன் கடமையைத் தனியார் செய்துவிட்டார் என்று அரசு கைகழுவுவதைத்தான் நான் குற்றம் என்கிறேன். ஆண்டுக்கொருமுறை உல்லாசப் பயணம் வேறு. மாலைதோறும் ஊஞ்சல் வேறு.

இரண்டாவது: கூட்டம் கூடினால் விபத்து நேரும் என்பர். நேர்ந்திருக்கிறது, மறைக்க வேண்டுவதில்லை. 1886-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று சென்னை மக்கள் பூங்காத் திருவிழாவில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நம் பெங்களூரிலேயே 1981 பிப்ரவரி 7-ஆம் நாள் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி 92 உயிர்கள் மாய்ந்தன. அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். 2025 ஜூன் 4-ஆம் நாள், சின்னசாமி விளையாட்டரங்கின் வாயிலில் வெற்றி விழாவுக்குக் கூடிய நெரிசலில் 11 பேர் மிதிபட்டு இறந்தனர். இவற்றை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் இவை கற்பிப்பது யாது? அகன்ற வழி வேண்டும், பல வாயில்கள் வேண்டும், எரியாத கூரை வேண்டும், எண்ணி விடும் காவல் வேண்டும் என்பதே. நெரிசலில் மக்கள் இறந்ததால் கிரிக்கெட்டையே ஒழிக்க வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. அடுப்பில் தீ விபத்து நேர்ந்ததென்று சமையலை நிறுத்திய வீடுண்டா? எளியோரின் களியாட்டத்துக்கு மட்டும் விபத்து ஒரு தடையாணை ஆகிவிடுகிறது. மேலும், கூட்டத்துக்கு இடமில்லாமற் போவதே நெரிசலின் முதற்காரணம். வெளிகளைக் குறைத்துக்கொண்டே போனால் மக்கள் கூடாதிருக்க மாட்டார்கள். ஒடுங்கிய இடத்தில் கூடுவார்கள்.

மூன்றாவது, படித்தவர்களின் வாதம்: இராட்டினமும் பஞ்சுமிட்டாயும் மரணக் கிணறும் கீழ்த்தர இரசனை, நூலகமும் கலைக்கூடமும் போதும் என்பர். நூலகத்தை நான் போற்றுகிறேன். ஆயின் உயிர்க் காலேஜ் என்று பெயர் வைத்த மக்களுக்கு இரசனையில்லை என்று சொல்பவருக்கு மொழி தெரியாது என்றே கொள்ளவேண்டும். உயரே சுழலும் தொட்டிலில் அமர்ந்து, தான் வாழும் தெருவை முதன்முறையாக மேலிருந்து பார்க்கும் சிறுமியின் வியப்பு எந்தக் கல்விக்குக் குறைந்தது?

நான்காவது: பழைய பூங்காக்கள் வெள்ளையர் தம் நலத்துக்கு அமைத்தவை, அவற்றுக்காக ஏன் இரங்க வேண்டும் என்பர். தண்டுப் பகுதியின் பூங்காக்களும் இசை மேடைகளும் துரைமார் காற்று வாங்க எழுந்தவைதாம், ஐயமில்லை. அதனாலேயே அவை நமக்கு உரியவை. 1947-இல் தண்டு நகரம் மைசூரிடம் திரும்பியபோது, 1949-இல் இரு நகராட்சிகளும் ஒன்றானபோது, வேலிக்கு வெளியே நின்ற நம் பாட்டனாரின் பேரனுக்கு வாயில் திறந்தது. திறந்த வாயிலை நாமே அடைத்துக்கொண்டால் விடுதலையின் பயன் யாது?

ஏன் இது தமிழரின் வழக்கு?

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுட் பல சிவாஜிநகரை விட்டு வெளியேறிவிட்டன. ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் காவலாளியுள்ள குடியிருப்பில் நீச்சற்குளத்தோடு வாழ்பவர் பலர். உழைத்து உயர்ந்ததில் குற்றமில்லை. ஆனால் செப்டம்பர்த் திருவிழாவுக்கு மட்டும் சிவாஜிநகர் வந்து, மெழுகுவத்தி ஏற்றி, சந்தையில் மீன் வாங்கி, ‘அந்தக் காலம் போல வராது’ என்று கூறிச் செல்வதை நான் பற்று என்று ஏற்பதற்கில்லை. அந்தக் காலத்தைப் பற்றி உருகுவது எளிது. இந்தக் காலத்தில் அத்தெருவில் வாழும் பிள்ளைக்காக ஒரு மனு எழுதுவது அரிது. எல்ஜின் டாக்கீஸைப் பற்றி ஏங்குவோர் நூறு பேர். கோல்ஸ் பூங்காவில் ஊஞ்சல் அறுந்தால் மாநகராட்சிக்கு எழுதுவோர் எத்தனை பேர்?

இதைவிட ஆழமான காரணமும் ஒன்றுண்டு. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் இந்நகரில் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். அந்நாட்களில் கதவைத் தாழிட்டு அமர்ந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அயலாரை அயலாராகவே வைத்திருக்கும் நகரத்தில் வதந்தி விரைந்து தீயாகும். ஒரே இராட்டினத்துக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரன் எந்த மொழியில் அழுவான், எந்த மொழியில் சிரிப்பான் என்பதை அறிவார்கள். கன்னடச் சிறுவனும் தமிழ்ச் சிறுவனும் உருதுச் சிறுவனும் தம்முள் பேசிக்கொள்ள இலக்கணம் கற்க வேண்டுவதில்லை. ஒரு பந்து போதும், ஒரு திடல் போதும். அத்திடலைப் பறித்துவிட்டு, ஒற்றுமை விழாக்களுக்கு மேடை போடுவதில் என்ன பயன்? பள்ளியில் மொழி பிரிக்கிறது; வழிபாட்டில் மதம் பிரிக்கிறது; வேலையில் வகுப்பு பிரிக்கிறது. பிரிக்காத இடம் விளையாடும் இடமே. சிறுபான்மையாக வாழும் நமக்கு அது வேடிக்கைக்குரிய இடம் மட்டுமா? நம் பாதுகாப்பின் வேலி அதுவே.

செய்யத் தக்கவை

வெறும் புலம்பலோடு நிறுத்துவது வாதத்துக்கு அழகில்லை. 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆட்சி அருகில் வந்துவிட்டது என்று சொன்னார்கள். வந்ததா என்று சோதித்துப் பார்க்க இதனினும் நல்ல வழக்கு இல்லை.

மெட்ரோ பணிக்கென எடுத்த விளையாட்டுத் திடலின் மேற்பரப்பில், நிலையத்தின் வாயில்களுக்குத் தேவையானது போக எஞ்சும் ஒவ்வோர் அடியும் விளையாட்டுக்கே திரும்ப வேண்டும். எந்நாளில் திரும்பும் என்பது எழுத்தில் வேண்டும். தற்காலிகம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தேதி எழுதப்பட வேண்டும். கோல்ஸ் பூங்கா, ரிச்சர்ட்ஸ் பூங்கா முதலியவற்றின் நிலத்தில் ஓர் அடியும் வேறு பயனுக்குச் செல்லலாகாது. கர்நாடக அரசு 1975-இலேயே பூங்காக்களைக் காக்கச் சட்டம் செய்தது. 1998-இல் கப்பன் பூங்காவின் எல்லையைக் குறைக்க அரசே முனைந்தபோது, குடிமக்கள் திரண்டு எதிர்த்தனர். சட்டம் தானே நின்று காக்காது, மக்கள் நின்றால்தான் சட்டம் நிற்கும் என்பதற்கு அதுவே சான்று.

ஆண்டுக்கொருமுறை பத்து நாளேனும் இப்பகுதியில் குறைந்த கட்டணத்தில் ஒரு பொருட்காட்சி நடைபெற வேண்டும். மைசூரில் தசராப் பொருட்காட்சியை அரண்மனைக்கு அருகே மாநில அரசின் பொருட்காட்சி ஆணையம் நடத்துகிறது; சென்னைத் தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி நடந்து வந்திருக்கிறது. அங்கு இயலுவது இங்கு ஏன் இயலாது? அதே வேளை மதுரையையும் நினைவிற் கொள்க: சித்திரைப் பொருட்காட்சி நடந்த தமுக்கம் மைதானத்தில் 2022-இல் மாநாட்டு மண்டபம் திறக்கப்பட்டது. சென்னை மக்கள் பூங்காவின் கதை வைகைக் கரையில் மறுபதிப்புப் பெறுகிறது.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கரையில் நிற்கிறது. அவ்வேரியின் அருகே திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் திரையிட்டு நின்றதையும், 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அத்திரை விலகியதையும் நாம் கண்டோம். அதற்காகப் பொறுமையோடும் முயற்சியோடும் மன்றாடினோம், வென்றோம். சிலைக்காக 18 ஆண்டு காத்த சமூகத்தால் ஒரு திடலுக்காக 18 மனுக்கள் எழுத இயலாதா? கன்னட நண்பரோடும் உருது பேசும் அண்டை வீட்டாரோடும் சேர்ந்து, மும்மொழியிலும் எழுதுவோம். ஏனெனில் அந்தத் திடல் எம்மொழிக்கும் தனியுரிமை உடையதன்று.

பூங்காவைத் தின்ற ஆணைகள் மௌனத்தை ஒப்புதலாகக் கொண்டே எழுதப்பட்டன. ஆட்சேபம் ஏதும் வரவில்லை என்பதே கோப்புகளின் கடைசி வரியாக இருந்து வந்திருக்கிறது. சிவாஜிநகரின் கோப்பில் அந்த வரியை எவரும் எழுத இயலாதபடி செய்வது நம் கையில் இருக்கிறது.